கல்லறைப் படிக்கு நாற்காலி வேண்டாம்

என் பிரியமுள்ள லில்லி அப்பாவுக்கு,

முதலில் ஒரு திருத்தம். நான் படுத்த படுக்கையாகிவிட்டேன் என்று பாறசாலைச் சந்தை வரை பேச்சு. உங்கள் தங்கை ரோசம்மா சொல்லித் திரிந்தது. தொடை எலும்பு உடைந்தது உண்மை. திருவனந்தபுரத்தில் கம்பி வைத்ததும் உண்மை. ஐந்து மாதமாகிறது. இன்று காலையில் கிணற்றடி வரை நடந்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே ரோசம்மா எண்ணெய்க் குப்பியோடு வந்தாள். "மைனி, எண்ணெ தேச்சு உழிச்சில் ஆக்கும் இதுக்கு மருந்து. ஆசானெக் கூட்டிட்டு வாறேன். அதுவரெ அனங்காம கெடங்க."

நான் கதவைக் காட்டினேன். நெய்யாற்றின்கரையிலிருந்து பிசியோதெரபி படித்த ஷீபா வாரம் மூன்று நாள் பஸ்ஸில் வருகிறாள்.

முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தொடையை இறுக்கி, பத்து விநாடி அமுக்கிப் பிடிக்க வேண்டும். கடிகாரத்துக்குப் பதில் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி அளந்தேன். இரண்டு வாரமாகியும் பலம் வரவில்லை. ஷீபா தன் வாட்சைப் பார்த்தாள்.

"அம்மச்சி, அஞ்சு செகண்டுதான் ஆச்சு. மாதாவுக்கு மூச்சு விட நேரம் குடுக்கண்டாமா?"

ஜெபமாலையில் நான் ஓடுகிறேன் என்று நாற்பது வருடம் சொன்னீர்கள். இப்போது ஒப்புக்கொள்கிறேன். நிறுத்திச் சொல்கிறேன், தொடையும் இறுகியிருக்கிறது. மாதாவுக்கு எதில் அதிக சந்தோஷமாக இருக்கும்?

இப்போது வாக்கர் போய் ஊன்றுகோல். உடைந்தது வலது கால். கோல் இடது கையில்; நல்ல கால் பக்கம்தான் கோல் வேண்டும் என்பது ஷீபாவின் பாடம். ரோசம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"கோலெ மாத்திப் பிடிச்சிருக்கீங்க மைனி!"

"சரியாட்டுத்தான் பிடிச்சிருக்கேன். நீ பாத்துட்டு இரி."

அடுத்த மாதம் உங்கள் ஆண்டு நினைவு. ஆலயத்துக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்துக்கு இறங்கும் மூன்று படிகளில் என்னை நாற்காலியில் தூக்கி இறக்கப் பங்குக் கமிட்டி முடிவு செய்திருக்கிறதாம். யாரைக் கேட்டு? உங்களை அந்தப் படிகளில் தூக்கி இறக்கினார்கள். என் முறை வரும்போது என்னையும் இறக்கட்டும்.

போன ஞாயிறு ஷீபாவோடு ஆட்டோவில் போய்ப் பார்த்தேன். கோலும் உடைந்த காலும் முதலில், நல்ல கால் பிறகு. இரண்டு படி இறங்கினேன். மூன்றாவது உயரம், பிடிக்க ஒன்றுமில்லை. நின்றுவிட்டேன்.

நினைவு நாளில் நடந்து வந்து உங்கள் அருகில் நிற்பேன். இது வாக்கு.

பங்குப் பத்திரிகையில் இதை வாசிக்கும் கமிட்டிக்காரர்களுக்கு: படியோரம் பிடித்திறங்க ஒரு மூங்கில் கட்டித் தருவீர்களா, மாட்டீர்களா? எழுத்தில் பதில் தரவும்.

இப்படிக்கு,
லில்லி அப்பாவின் மனைவி,
திரேசா