வேலியில் நீ விட்ட வழி

இன்று காலை ஒண்டிக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் காப்பிப்பூ வாசனை முகத்தில் அடித்தது. அந்த வாசனை உனக்குத் தலைவலி தரும். துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொள்வாய். எனக்கு எதுவும் தோன்றவில்லை. செம்மநத்தம் போகும் ஜீப்பில் ஏறினேன்.

காட்டுமாடுகளின் தடங்களை நான் குறித்து வருவேன். நீ மலையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, தண்ணீர், புல், ஆள் நடமாட்டம் எல்லாவற்றையும் சேர்த்து, மந்தை அடுத்து எங்கே போகும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவாய். காப்புக்காட்டின் ஓரம் முழுக்க சோலார் வேலி வரப்போகிறது என்றதும் அதையும் கணக்கில் சேர்த்தாய். திரையில் மந்தை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் பாதைக்குத் திரும்பியது. வேலியில் ஓரிடத்தில் வழி விட்டால் மட்டும் திரும்பவில்லை. அந்த இடம் உன் அண்ணனின் காப்பித் தோட்டம்.

ஊர்க் கூட்டத்தில் நீ படத்தைக் காட்டியதும் அண்ணன் எழுந்தார்.

“ஏங்கண்ணு, நம்ம தோட்டந்தான் கெடச்சுதா?”

“வேற எடத்துலயும் உட்டுப் பாத்தேனுங்கண்ணா. எல்லாமே பள்ளிக்கூடத்துப் பக்கந்தான் போகுது.”

“அப்ப இனி நம்மூட்டுப் பக்கம் வராத.”

திரும்பும்போது மடியில் லேப்டாப்பைத் திறந்து கணக்கை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாய். அதே விடை.

நீ சொன்ன இடத்திலேயே வழி விட்டார்கள். அந்த ஐப்பசியில் உனக்குக் காய்ச்சல் கண்டது. சேலம் ஆஸ்பத்திரிக்கு அண்ணன் வந்து சேர்ந்தபோது உனக்கு நினைவில்லை. உன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சலைன் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போன பிறகும் கொஞ்ச நேரம் அதைத்தான் பார்த்தேன்.

இன்று அவரே தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். மந்தை நடக்கும் பட்டையில் காப்பிச் செடிகளே இல்லை. அவரே பிடுங்கியிருக்கிறார்.

“நொம்ப மாடு போகுதுங்க. புள்ளைங்க பாதையில ஒண்ணுகூட வரலீங்க,” என்றார். பிறகு, “கண்ணு இருந்தா ஊட்டுக்குக் கூப்புட்டிருப்பேனுங்க,” என்றார். தலையாட்டினேன். அழுகை வரவில்லை.

“கணக்கு தப்புன எடத்துக்கு மொதல்ல போகோணும்” என்பாய். அதை மட்டும் விடாமல் செய்கிறேன். மந்தை நிற்காது என்று நீ கணக்கிட்ட மேட்டு ஊற்றில் இப்போது நிற்கிறதாம். தோட்டத்திலிருந்து நேரே அங்கே ஏறினேன். ஈர மண்ணில் புதுக் குளம்படிகள், நடுவே ஒரு கன்றினுடையது. அளந்தேன்.

அளந்துவிட்டு, உன்னிடம் சொல்லத் திரும்பினேன்.