பூசாமல் விட்ட வட்டம்

ஜூன் 3, செவ்வாய்

இல்லை, அப்பாவின் கை நடுங்கவில்லை. பக்கத்தில்தான் நின்றேன். பார்த்தேன்.

சேற்றில் இறங்கிய பால் வண்டி. அப்பா எங்கள் மீட்பு வண்டியை முப்பதடி தள்ளி நிறுத்தி, முன் பம்பரில் மோட்டாரால் சுற்றியிழுக்கும் வின்ச்சிலிருந்து இரும்புக்கயிற்றை இழுத்துக்கொண்டுபோய் மாட்டினார். கயிறு அறுந்தால் சாட்டையாக வீசும். அதன்மேல் அம்மாவின் பழைய கம்பளியைப் போட்டார். ரிமோட்டை அழுத்தினார். கயிறு விறைத்தது. பால் வண்டி ஒரு முழம் நகர்ந்தது. அப்புறம் மோட்டாருக்கு மின்சாரம் விடும் ரிலே பெட்டிக்குள் டக், டக், டக். நின்றுவிட்டது.

அப்பா வின்ச்சைப் பார்க்கவில்லை. தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

"என்னண்ணே, காலைல சாப்பிடலையா?" என்றார் பால்காரர். விளையாட்டாகத்தான். அப்பாவும் சிரித்தார். வாய் மட்டும்.

மார்ச்சில் வந்தது லேசான பக்கவாதம் என்றார் மருத்துவர். வலது கை. யாருக்கு லேசு?

நேற்றுத்தான் திரும்ப வேலைக்கு இறங்கினார்.

ஜூன் 4, புதன்

வீட்டு வாசலில் வின்ச் சமர்த்தாக ஓடுகிறது. கயிற்றை விடுகிறது, சுற்றுகிறது, ஒரு முனகல் இல்லை.

மீட்டர் மாமா வந்தார். வண்டி எலக்ட்ரீசியன், அப்பாவின் சிநேகிதர். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் மின்சாரம் அளக்கும் மீட்டர் வைத்திருப்பார். அளந்து பார்த்து, "பேட்டரி பன்னிரண்டரை வோல்ட், கல்லு மாதிரி இருக்கு. ரிலேதான் போயிருக்கும்" என்றார். புது ரிலே மாட்டினார். வின்ச் மறுபடி சமர்த்தாக ஓடியது.

"டாக்டர் தலையைக் கண்டதும் வலி ஓடிப்போயிடுமே, அந்த நடிப்புதான் இது" என்றாள் அம்மா.

ஜூன் 5, வியாழன்

புது ரிலே. பள்ளத்தில் ஒரு கார். அதே டக், டக்.

  ஆறு வருடம் மொழியைப் படித்தவள் நான். திரும்பும் வழியில் பக்கத்து இருக்கையில் இருந்த அப்பாவிடம் சொல்ல ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை.

சாப்பிடும்போது சொன்னார்: "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ஒருத்தர் வண்டியப் பாக்க வர்றாரு. பிடிச்சிருந்தா எடுத்துட்டுப் போகட்டும்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "வண்டி இல்லாம நீங்க என்ன பண்ணுவீங்க?"

"கை சொன்ன பேச்சு கேக்கலம்மா." அம்மா கேட்ட கேள்விக்கு என்னைப் பார்த்துப் பதில் சொன்னார். "அழுத்துறேன்னுதான் நினைக்கிறேன். பாதில விட்டுடுது போல. கயிறு இழுத்துட்டு இருக்கும்போது கை விட்டா, அந்தப் பக்கம் நிக்கிறவன் கதி?"

ஜூன் 6, வெள்ளி

மதியம். மேஜை முன்னால் அப்பா தனியாக. வின்ச் ரிமோட் கையில், வயர் தரையில் சும்மா கிடக்கிறது. அழுத்தி, மனதுக்குள் எண்ணி, விடுகிறார். அழுத்தி, எண்ணி, விடுகிறார். நெற்றியில் வேர்வை.

என்னைக் கண்டதும் ரிமோட்மேல் துண்டைப் போட்டார்.

"என்னப்பா?"

"சேனல் மாத்துறேன்."

டிவி இருப்பது அடுத்த அறையில்.

"நல்லதா எதாவது வந்தா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கொல்லைக் கதவுக்குப் பின்னால் நின்று — வேண்டாம், எழுதவில்லை.

ஜூன் 7, சனி

வண்டியின் டேஷ்போர்டு அறையில் கிரீஸ் கறையோடு வின்ச்சின் கையேடு இருந்தது. யாரும் பிரித்த மாதிரி தெரியவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி: பாரம் ஏறியிருக்கும்போது அளக்கவும்.

மீட்டர் மாமா அளந்தது வாசலில், சும்மா நின்ற வண்டியில். நாங்களும் அப்பாவிடம் அப்படித்தான் கேட்கிறோம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது — கை எப்படிப்பா இருக்கு?

மாமா அப்பாவைக் கைப்பயிற்சிக்குக் கூட்டிப்போனார். மீட்டரைக் கடன் வாங்கிக்கொண்டேன். "பாத்து, என் பொண்டாட்டிக்கே குடுத்ததில்ல" என்றார். எதிர்க் காலி மனையில் பெரிய மரம். அடிமரத்தில் நைலான் பட்டையைச் சுற்றி அதில் கயிற்றை மாட்டினேன். சக்கரங்களுக்குக் கல், கைப்பிரேக், கம்பளி. ரிமோட்டை அம்மாவிடம் கொடுத்து, வயர் நீளும் மட்டும் பக்கவாட்டில் தள்ளி நிறுத்தினேன்.

"நானா? எனக்கு மிக்ஸி பட்டனே சரியா அழுத்தத் தெரியாதுன்னு உங்கப்பா சொல்வாரு."

"அழுத்தும்மா."

அழுத்தினாள். கயிறு விறைத்தது. வண்டி முன்பக்கம் குனிந்தது. டக், டக், டக்.

"ஐயையோ, நான் விடலடீ! இந்தா பாரு, அமுக்கிட்டுத்தான் இருக்கேன்!"

அம்மாவின் கட்டைவிரல். இத்தனை வருடம் தேங்காய் துருவிய விரல். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்பாவின் விரல் இல்லை. அது இல்லவே இல்லை.

மறுபடி அழுத்தச் சொல்லி அளந்தேன். பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் வின்ச்சின் பிளஸ்ஸுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். மைனஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் நான்கு வோல்ட். மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழியில்தான் எங்கோ அடைப்பு. வின்ச்சிலிருந்து வரும் எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். வண்டியின் அடிச்சட்டத்தில் ஒரு போல்ட்டில் முடிகிறது. தொட்டேன். சுட்டது. கருகல் வாசனை.

என்ன வாசனை என்று தெரிந்தது. என் பெயிண்ட்.

*

அதே நாள். சாயங்காலம்.

மார்ச்சில் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த பதினொரு நாளும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வண்டிக்கு நீலம் அடித்தேன். துரு சுரண்டி, பிரைமர் கொடுத்து, இரண்டு கோட்டு. எர்த் வயரைக் கழற்றியபோது அதன் அடியில் ஒரு வட்டம். ரூபாய்க் காசு அகலம். வெறும் இரும்பு, மேலே கிரீஸ். பாவம், அப்பா இந்த இடத்தைப் பூச மறந்துவிட்டார் என்று நினைத்தேன். துடைத்து, அதற்கும் இரண்டு கோட்டு. வயரை மேலே வைத்து இறுக்கினேன்.

மறக்கவில்லை. மின்சாரம் உள்ளே போவதற்காக அவரே சுரண்டி வைத்திருந்த இடம். போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் கசிந்து போகிறது. வெறுங்கயிற்றைச் சுற்ற அது போதும். பாரம் வந்தால் போதாது.

இப்போதே சத்தமில்லாமல் சுரண்டிவிட்டால் நாளை ஓடும். விரல் குணமாகிவிட்டது என்று நினைப்பார். நல்லதுதானே?

இல்லை. அடுத்த தடவை எது நின்றாலும் முதலில் விரலைத்தான் பார்ப்பார்.

பயிற்சி முடிந்து வந்தார். சொல்லவில்லை. திட்டுவார் என்று பயமா? திட்டமாட்டார். அதுதான் பயம்.

ஜூன் 8, ஞாயிறு

எட்டு மணிக்குச் சொன்னேன். வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்தில் தப்பை ஒப்புக்கொள்கிற மாதிரி, மூச்சு விடாமல். "உங்க கை இல்லப்பா. நான்தான். நான் பூசிட்டேன். அம்மா அழுத்தினாலும் நிக்குது, வேணும்னா கேளுங்க."

அப்பா குனிந்து போல்ட்டைப் பார்த்தார்.  நகத்தால் நீலத்தைத் தட்டினார்.

"ரெண்டு கோட்டா?"

"ரெண்டு. பிரைமர் தனி."

"அதான். கரண்டு உள்ள வர்றதுக்கு ஓட்டை தேடித் தேடி அலுத்துப் போயிருக்கு." தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். "பதினோரு நாள் நீ இதையா பண்ணிட்டு இருந்த?"

"வேற என்ன பண்றதுன்னு தெரியலப்பா."

உப்புத்தாளை எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை. "நீ தேய்." தேய்த்தேன். நீலம் போனது, சாம்பல் நிறம் போனது, இரும்பு மினுங்கியது. கிரீஸ் அவர் தடவினார், வலது கையால்.

மரத்தில் கயிற்றை மாட்டினோம். கயிறு விறைத்து, வண்டி குனிந்து, கல்லுக்கு மேல் ஏறப் பார்த்தது. வின்ச் நிற்கவில்லை. அப்பா விரலை எடுத்த பிறகுதான் நின்றது.

விரலின் நுனி இன்னும் மரத்துத்தான் இருக்கிறதாம். இன்றைக்குத்தான் அதைச் சொன்னார். பாரத்தோடு சொன்னார்.

பத்துக்கு வரவேண்டியவருக்குப் போன்: "இல்ல சார், வர வேண்டாம். பாப்பா பெயிண்ட் அடிச்ச வண்டி. குடுக்கறதா இல்ல."

ஜூன் 11, புதன்

காலை ஆறரைக்கு அழைப்பு வந்தது. ஆற்றோரம் ஒரு வேன், சக்கரம் பாதி மணலில். அப்பா தனியாகப் போய் இழுத்துவிட்டு, வந்த கையோடு நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். ரிமோட் மடியில்.

நான் மிச்சமிருந்த நீலத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். உப்புத்தாள் உரசிய இடத்தையெல்லாம் பூசினேன். வட்டத்தை விட்டுவிட்டேன்.