மேளம் நின்ற தெரு

தாது வருஷம், வைகாசி 9 (1936)

இன்றும் எழுந்திருக்க நேரமாகிவிட்டது. பால்காரி கதவைத் தட்டித்தான் எழுந்தேன். "என்னம்மா, மேலுக்குச் சேட்டமில்லையா?" என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது, அதுதான் சங்கதி.

முன்னால் கடிகாரமே தேவைப்படவில்லை. நாலரைக்கு எதிர்வீட்டு நல்லகண்ணு அண்ணாச்சி நாயனத்தை எடுப்பார். அதைக் கேட்டு அவுக - என் வீட்டுக்காரவுக - எழுந்து முகம் கழுவி, தவிலைத் தொடாமல் முதலில் கட்டையில் தட்டிப் பழகுவார்கள். அஞ்சு மணிக்குப் பதினொரு வீட்டிலும் பதினொரு விதமாகச் சத்தம் வரும். வெளியூர்க்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு போவார்கள். எனக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும். யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை என்றுகூடச் சொல்லிவிடுவேன்.

மேளக்காரர் வீட்டில் சாவு விழுந்தால் தலைத்திவசம் முடியும் வரை எங்கள் தெருவுக்குள் வாசிக்க மாட்டார்கள். கல்யாண ஊர்வலம் வந்தாலும் முனையிலேயே மேளத்தை நிறுத்திவிட்டு, இந்த வீட்டைத் தாண்டித்தான் மறுபடி எடுப்பார்கள். அவுக போனது தை பதினேழு. இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

இது அவுக முகூர்த்தத் தேதி எழுதி வைத்த நோட்டு. தைக்கு அப்புறம் வெறும் தாள். நான் நாலாவது வரைக்கும் படித்தவள். பிழை இருக்கும். யார் பார்க்கப் போகிறார்கள்.

வைகாசி 15

சந்தைக்குப் பக்கத்தில் டாக்கி கொட்டகை போட்டிருக்கிறார்கள். எஞ்சின் தட்டுகிற சத்தம் இங்கே வரை வருகிறது. பொழுது சாய்ந்ததும் குழாய் வைத்துப் பிளேட்டுப் பாட்டு. தெருவே வாயை மூடிக்கொண்டிருக்கும்போது அது மட்டும் கத்துகிறது.

உலகம்மாள் மைனி - நல்லகண்ணு அண்ணாச்சி வீட்டுக்காரி - ஒரு கிண்ணம் குழம்போடு வந்தாள். "அந்தக் கொழாய்க்கு யாருட்டி போயி துட்டி சொல்ல?" என்றாள். குழாய்க்குச் சாவுச் சேதியா! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவுக போனபிறகு முதல்தடவை சிரித்தேன். அப்புறம் இருந்து அழுதேன்.

சொன்னால் என்ன, அந்தப் பாட்டை நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்டேன்.

வைகாசி 22

கோடி வீட்டுக்காரர்களும் வீட்டைக் காலி பண்ணிப் போய்விட்டார்கள். இதோடு மூணு வீடு.

ஸ்டேஷன் ரோட்டில் காண்டிராக்டர் பிச்சுமணி வரிசையாகப் புது வீடு கட்டி வாடகைக்கு விடுகிறார். போன வருஷம்கூட அங்கன வெறும் உடைமரக் காடு. இப்போது நாயனக்காரர், பிடில்காரர், நாடகக் கம்பெனிக்கு ஆர்மோனியம் போடுகிறவர் எல்லாம் குடிவந்துவிட்டார்களாம். வாசலில் பேர் எழுதிப் பலகை மாட்டியிருக்கிறார்களாம். கொல்லத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் ரயிலில் வருகிறவர்கள் இறங்கியதும் பலகையைப் பார்த்து ஆள் பேசிவிடுகிறார்கள்.

எங்களுக்கு எந்தப் பலகை இருந்தது? கோயில் மொட்டைக் கோபுரத்துக்கு முன்னால் நின்று யாரைக் கேட்டாலும் கையைக் காட்டுவார்கள். வருகிறவர்கள் எந்த வீட்டில் வாசிப்புப் பிடிக்கிறதோ அந்த வாசலில் நின்றுவிடுவார்கள். நான் மோர் கொண்டு போவேன். மோரைக் குடித்துவிட்டு, "மேளம் பேச வந்தோம்" என்று ஆரம்பிப்பார்கள். இப்போது இந்தத் தெருவில் நிற்பதற்கு அவர்களுக்கு என்ன கேட்கும்?

ஆனி 3

சாரல் விழுந்துவிட்டது. கோபுர வாசலில் காற்று ஆளைத் தள்ளுகிறது. சேலையைப் பிடிப்பதா கூடையைப் பிடிப்பதா என்று தெரியவில்லை.

ஆனி 6

இந்த நாளில் வீட்டில் இருக்க மாட்டோம். சீசனுக்கு ஜமீன் பங்களாக்களிலிருந்து ஆள் வரும். ரெண்டு வண்டி கட்டிக் குற்றாலம் போவோம். முன் வண்டியில் வாத்தியங்கள், பின் வண்டியில் பொம்பளைகள். எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்கும்போது அவுக வலது கையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்பார்கள். தவில் அடிக்க விரலில் துணி சுற்றிப் பசை வைத்து நான் போட்டுவிட்ட கூடு நனைந்துவிடக் கூடாது. பார்க்கிறவர்கள், "என்ன வே, யாருக்குக் கை காட்டுதீரு?" என்று கேலி பண்ணுவார்கள். ராத்திரிக்கு முன்னால் திரும்புகிறபோது மடி நிறைய மங்குஸ்தான்.

இந்த வருஷம் குற்றாலத்தில் புதிதாகச் சபை வைக்கிறார்கள். நாற்காலி, டிக்கெட்டு எல்லாம் உண்டாம். ஆடி பதினாலாம் தேதி நல்லகண்ணு அண்ணாச்சி வாசிக்க வேண்டும். மைனிதான் வந்து சொன்னாள்.

"தவிலு யாரு?" என்று நான்தான் கேட்டேன்.

"வாசுதேவநல்லூர்ப் பையன் ஒருத்தன். பிச்சையான்னு பேரு. கல்யாணம் ஆனவன்."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனி 11

உண்மையை எழுதிவிட வேண்டும். எழுத வேறு இடம் இல்லை.

தெருவில் வாசிப்பு இல்லை என்று எனக்கு வருத்தம்தான். ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் அந்த நாயனத்துக்குப் பக்கத்தில் அவுக தவில்தான். வாசிக்காத வரைக்கும் அந்த இடம் காலியாகத்தானே இருக்கும். வேறொருத்தன் கை அங்கன விழுவதை நான் கேட்க வேண்டாம். வழக்கம் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டில் வாசிக்கவில்லையே தவிர, வேறெங்கோ போய்ச் சேர்ந்து வாசிக்கிறார்கள். காலையில் அண்ணாச்சி தோளில் நாயனத்தோடு தெருவை விட்டுப் போகிறதைக் கதவிடுக்கில் பார்க்கிறேன். எங்கே என்று கேட்கவில்லை.

ஆனி 19

தெரிந்துவிட்டது.

துணி துவைக்க யானைப்பாலத்துக்குப் போனேன். எப்போதும் போகிற துறையில் கூட்டம், அதனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் இறங்கினேன். மருதமரத்தடியில் அண்ணாச்சி ஊதிக்கொண்டிருந்தார். சாரல் அடிக்கிறது. தலையில் ஒரு சாக்கைப் போட்டிருந்தார். வாய் வைத்து ஊதுகிற சீவாளி நனைந்து நனைந்து குரல் கிழிகிறது. அதைத் துடைத்து மறுபடி வைக்கிறார், இருமுகிறார், மறுபடி ஊதுகிறார். ஐம்பது வயது மனுசர். சொந்த வீடு இருக்கிறது, கூரை இருக்கிறது.

பக்கத்தில் அந்தப் பிச்சையா. தன் துண்டைத் தவிலுக்குப் போர்த்திவிட்டுத் தான் நனைந்துகொண்டிருந்தான்.

நான் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். மட்டமாக வாசிக்க வேண்டும் என்று நினைத்தேன். பாவிப்பயல் நன்றாக வாசிக்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் துணியை அடித்த அடியில் அவுக வேட்டி கிழிந்துவிட்டது. இனி அதை யார் கட்டப் போகிறார்கள், ஆனாலும் கிழிந்துவிட்டதே என்று -

ஆனி 20

எதுவும் எழுத ஓடவில்லை.

ஆனி 24

மைனி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அப்போதே தெரிந்தது.

"ஆவணியில நாங்களும் அங்கன போயிரலாம்னு இருக்கோம் வடிவு. பிச்சுமணிக்கு வாக்குக் குடுத்தாச்சு."

"எதுக்கு மைனி? கொழாத் தண்ணிக்கா, பலகைக்கா?"

"அவுகளுக்கு நெஞ்சு கட்டிக்கிட்டு வருது. ஈரத்துல நின்னு ஊதுதாக. அங்கனன்னா வீட்டுக்குள்ள இருந்து சாதகம் பண்ணலாம்."

"என்னாலதான போறீக?"

"ஒன்னாலன்னு யாருட்டி சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அதுதான். அஞ்சு மாதமாக ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்னால் போன மூணு வீட்டுக்காரர்களும் தண்ணீரைச் சொன்னார்கள், ரோட்டைச் சொன்னார்கள், என்னைச் சொல்லவில்லை. எனக்காக வாயை மூடிக்கொண்டு ஒவ்வொருத்தராக எழுந்து போகிறார்கள். மைனியும் போய்விட்டால் இந்தத் தெருவில் எனக்கு யார்?

"நாளையிலேருந்து வீட்டுலயே வாசிக்கச் சொல்லுங்க" என்றேன்.

"கூறுகெட்டுப் பேசாத. வருசம் திரும்பல. ஊரு என்ன சொல்லும்? ஒன் நாத்தனா சும்மா இருப்பாளா?"

"நான் சொல்லுதேன்."

"ஒனக்குத் தாங்குமாட்டி?"

"தாங்காது. வாசிக்கச் சொல்லுங்க."

மைனி அப்புறம்தான் உட்கார்ந்தாள்.

ஆனி 26

நேற்று வாசிக்கவில்லை. மனசு வரவில்லை போலிருக்கிறது. இன்று நாலரைக்கு நாயனம் எடுத்தது. முதலில் மெதுவாக, திருடன் வீட்டுக்குள் வருகிற மாதிரி. நான் விழித்துத்தான் கிடந்தேன். பிறகு தவில். அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சாத்தினாலும் கேட்டது. இது அவுக அடி இல்லை, இது அவுக அடி இல்லை என்று ஒவ்வொரு அடிக்கும் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு நிறுத்தினார்கள். அப்போதுதான் பார்த்தேன், அடுப்பு பற்றவைத்திருக்கிறேன், உலை கொதிக்கிறது. பால்காரி வந்து, "இன்னிக்கு முழிச்சிட்டீயளே" என்றாள்.

ஆடி 2

நேற்றுக் கடையத்திலிருந்து சங்கரம்மாள் வந்துவிட்டாள். அவுக அக்கா. யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். வாசலில் நின்றே ஆரம்பித்தாள்.

"எந்தம்பி செத்து ஆறு மாசம் ஆகல. ஒனக்கு மேளம் கேக்குதோ?"

"ஆமா, கேக்குது."

"வெக்கமா இல்ல?"

"வெக்கமாத்தான் இருக்கு. அதுக்காக அண்ணாச்சி ஆத்துல நின்னு இருமணுமா? உங்க தம்பி இருந்தா அதுக்குச் சம்மதிப்பாகளா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க."

இந்தத் தாது வருஷமே சரியில்லை, போன தாதுவில் பஞ்சம் வந்தது என்று என்னென்னவோ பேசினாள். சாப்பிடாமல் போய்விடுவாள் என்று பயந்தேன். ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள். இன்று காலையில் நாயனம் எடுத்தபோது நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை. தம்பியை நினைத்துக் கண்ணீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்குப் போகும்போது என்னைத் திட்டவில்லை.

ஆடி 15

நேற்றுச் சபை. நான் போகக்கூடாது, போகவில்லை. மைனி வந்து சொன்னாள். அருவிச் சத்தத்துக்கு மேலே கேட்டதாம். வெளியே மழையில் டிக்கெட்டு இல்லாத ஜனம் நின்றுகொண்டே கேட்டதாம். அண்ணாச்சி ஒரு தடவைகூட இருமவில்லையாம்.

அது போதும்.

ஆவணி 5

நாளை மைனி வீட்டார் ஸ்டேஷன் ரோட்டில் பால் காய்ச்சுகிறார்கள். இங்கேயே இருந்துவிடலாமே என்று நான் கேட்கவில்லை. கொடுத்த வாக்கு. அதோடு, அங்கே குடிபோனதும் வாசிக்க ரெண்டு கல்யாணம் இப்போதே பேசியாகிவிட்டது என்று அண்ணாச்சி சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். எப்படிக் கேட்பது?

நான் இன்னும் நாலு மாதம் முன்னாலேயே வாசிக்கச் சொல்லியிருந்தால்?

மைனி மத்தியானம் என்னோடு இருந்து சாப்பிட்டாள். புளிக்குழம்பில் உப்பு கூடிவிட்டது. ரெண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆவணி 30

எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது. கோடி வீட்டில் தையல் மிஷின் வைத்து ஒருத்தர் வந்திருக்கிறார். அதற்கு அடுத்த வீட்டில் பஸ் டிரைவர் குடும்பம். நல்ல ஜனங்கள். தெருவில் மிஷின் சத்தம் கேட்கிறது. எந்த வீட்டில் என்ன என்று எனக்கு இப்போது தெரியவில்லை.

புரட்டாசி 11

எதிர்வீட்டுப் பூட்டைத் திறந்துவிட்டார்கள். பிச்சையாவும் அவன் பெண்சாதி வள்ளித்தாயும் கைக்குழந்தையோடு வந்திருக்கிறார்கள். ஸ்டேஷன் ரோட்டில் இனி வீடு காலி இல்லையாம். அவ்வளவு பேர் வந்துவிட்டார்கள்.

வள்ளித்தாய் நெருப்பு வாங்க வந்தாள். வாங்கிக்கொண்டும் போகவில்லை.

"என்னட்டி?"

"அத்த, காலைல வாசிக்கலாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாக. இல்லன்னா ஆத்துக்குப் போயிருவாகளாம்."

"பிள்ள முழிச்சிக்கிடாதா?"

"அவனுக்குச் சத்தம் இல்லன்னாத்தான் முழிப்பு வரும்."

"அப்ப வாசிக்கச் சொல்லு."

ஐப்பசி 20

மழை. பிச்சையா அடியில் இன்று ஒரு இடம் அவுக மாதிரியே விழுந்தது. அவுக மாதிரி என்று நினைத்தேன், வயிறு எரியவில்லை.

கார்த்திகை 12

சாயங்காலம் ஸ்டேஷன் ரோட்டிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு. நல்லகண்ணு அண்ணாச்சி மேளம். அவுக போனதிலிருந்து ஊர்வலம் எல்லாம் இந்தத் தெருவை விட்டுவிட்டு ரத வீதி வழியாகத்தான் சுற்றும். அங்கே புது ரோட்டுக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், இன்று இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. சத்தம் கேட்டதும் ஓடி வந்து கதவைச் சாத்தினேன். கல்யாணக்காரர் கண்ணில் நான் படக்கூடாது. கதவுக்குப் பின்னால் நின்றேன்.

முனையில் மேளம் நின்றது. ஆட்கள் நடக்கிற சத்தம், காஸ் லைட்டு இரைச்சல், குதிரை லாடம். "சத்தங்காட்டாம வாங்கலே, துட்டி வீடு" என்று ஒரு கிழவர் குரல். வீட்டுக்கு நேரே வந்தார்கள்.

"அண்ணாச்சி, எடுங்க" என்றான் பிச்சையா.

நாயனம் எடுத்தது. தவில் சேர்ந்தது. கதவுப் பலகை என் கையில் அதிர்ந்தது.

"ஏலே, இங்கன எதுக்குலே வாசிக்கிய?" என்று கிழவர் சத்தம் போட்டார். எதிர்வீட்டு வாசலிலிருந்து வள்ளித்தாய் சொன்னாள்: "உள்ள அத்த கேட்டுக்கிட்டுத்தான் இருக்காக தாத்தா. நீங்க நடங்க."

தெருக்கோடி வரை நிறுத்தவில்லை. தையல்காரர் மிஷினை விட்டுவிட்டு வெளியே வந்து நின்றார் என்று அப்புறம் வள்ளித்தாய் சொன்னாள்.

சோறு அடியில் பிடித்துவிட்டது. மேலாக எடுத்துச் சாப்பிட்டேன்.

பிச்சையாவுக்கு வலது கை நன்றாகப் பேசுகிறது. இடது கைக் கம்பு மட்டும் தாள நடையில் கொஞ்சம் பிந்துகிறது. நாளைக்கு வள்ளித்தாயிடம் சொல்லிவிட வேண்டும்.