அது ஒரு மாத்திரையா

மார்ச் 4
இன்றும் கம்பெனியில் அக்காவுக்கு விரல்கள் இழுத்துக்கொண்டன. தையல் மெஷினில் துணி பாதியில் நிற்க, ஐந்து விரலும் கொத்தாகக் குவிந்து விறைத்துவிட்டன. நூல் பிசிர் வெட்டுவதை விட்டு ஓடிப்போய் ஒவ்வொன்றாக நீவிவிட்டேன். "கல்யாணக் கனவுல கை நின்னுபோச்சா?" என்றார் சூப்பர்வைசர். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும்தான்.

மார்ச் 9
கல்யாணத் துணி எடுக்க மாப்பிள்ளை வீட்டாரோடு கடைக்குப் போனோம். நீலப் புடவையைத் தோளில் போட்டுப் பார்த்த அக்கா அப்படியே விழுந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. மாப்பிள்ளையின் அம்மா தன் பையை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார். நான் ஏன் அதைப் பார்த்தேன்?

மார்ச் 10
ஆஸ்பத்திரி. கால்சியம், பொட்டாசியம் குறைவாம். ஏற்றுகிறார்கள். ஏற மாட்டேன் என்கிறது.

மார்ச் 11
"வலிப்புக்காரிய எங்க தலைல கட்டப் பாத்தீங்களே" என்று மாப்பிள்ளை வீட்டார் போனில் சொன்னார்களாம். கல்யாணம் வேண்டாமாம். அம்மா சுவரையே பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

மார்ச் 12
புது டாக்டரம்மா கேட்டார்: "வேற மாத்திரை ஏதாவது? கடைல நீயா வாங்கறதும் சொல்லணும்."
"ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாள் அக்கா. எல்லோரிடமும் சொன்ன அதே பதில். அவர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.
"கேஸ் மாத்திரை..." என்றேன்.
"என்னம்மா?"
"நெஞ்செரிச்சலுக்கு. தினம் காலைல. மூணு வருஷமா."
"அது ஒரு மாத்திரையாடி?" என்றாள் அக்கா. "ஊமைக்கோட்டான் வாயத் தொறந்தா இதுதான்."
டாக்டரம்மா சிரிக்கவில்லை. வேறொரு ரத்தப் பரிசோதனை எழுதினார்.

மார்ச் 13
அக்காவுக்கு மக்னீசியம்தான் குறைவாம். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வருவதற்குள் நின்றுவிட்டேன் போல. அந்த மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் சிலருக்கு அது இறங்கிவிடுமாம். அது இறங்கினால் மற்ற இரண்டும் உடம்பில் நிற்காதாம். "இது வலிப்பு நோய் இல்ல, சத்து கொறஞ்சதால வந்த வலிப்பு" என்றார் டாக்டரம்மா. மாத்திரையை மாற்றிவிட்டு, மக்னீசியத்தை மெதுவாக ஊசி வழியாக ஏற்றுகிறார்கள்.

மார்ச் 15
குளியலறையில் சொல்லிப் பழகிவிட்டு, மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் செய்தேன்.
"அத்தை, அக்காவுக்கு வலிப்பு நோய் இல்ல. மக்னீசியம் கம்மி—"
"அது வேறயா?"
வைத்துவிட்டார்.

ஏப்ரல் 2
அக்கா வேலைக்கு வந்தாள். விரல் இழுக்கவே இல்லை. பக்கத்து மெஷின்காரி மட்டும் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

ஏப்ரல் 20
ரத்தத்தில் எல்லாச் சத்தும் சரியான அளவுக்கு வந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். "போய் எல்லார்கிட்டயும் சொல்லு" என்றார் டாக்டரம்மா. அக்கா தலையாட்டினாள்.
பஸ்ஸில், "யாருகிட்டடி சொல்றது?" என்றாள்.
"என்கிட்ட சொல்லேன்."
ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "நல்லாயிட்டேன்டி" என்றாள்.
அதற்குப் பிறகுதான் அழுதாள். இத்தனை நாளில் முதல் தடவையாக.