சமையலறைச் சுவரோரத்து மழைமானி

மார்ச் 3

மருமகளுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நான் நலம். காகிதத்தின் இரண்டு பக்கமும் எழுதாதே. மை ஊறி, பாதி ஊகித்துத்தான் படிக்க வேண்டியிருந்தது.

மண் ஆய்வுத் துறையில் இருந்தபோது பாலத்தடி மண்ணுக்கு முதல் குழி வெட்டி, வர்ணித்து, பெயர் வைத்தவர் உன் மாமா. அதை வறண்ட களிமண் வகையில் சேர்த்தவரும் அவர்தான். முப்பத்தைந்து வருடமாக அச்சில் இருப்பது அது. இப்போது நீ அதே இடத்தில் மூன்று குழி வெட்டியிருக்கிறாய். ஒன்றரை முழத்துக்குக் கீழே மண் சாம்பல் நிறமாகவும் துருப் புள்ளிகளோடும் இருக்கிறது, தண்ணீர் தங்கி வடியாமல் அந்த நிறம் வராது என்கிறாய். வெடிப்புகள் ஐந்து மாதம் மூடியே கிடக்கின்றன, வறண்ட மண்ணில் அப்படி நடக்காது என்கிறாய். புதிய வானிலை நிலையத்தின் இருபது வருட மழைக் கணக்கு, மாமா அச்சிட்டதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் என்கிறாய். கடைசியில், பழைய மழைப் பதிவேடு கிடைக்குமா என்று பணிவாகக் கேட்கிறாய்.

அந்தப் பதிவேட்டை எழுதியவள் நான். ஆறு வருடம், காலை எட்டரை மணி, ஒரு நாள் விடவில்லை. கான்வென்ட்டில் எங்கள் கணக்கு சிஸ்டர், கண்ணால் பார்க்காத எண்ணை எழுதுகிறவள் கையை வெட்டிக்கொள்ளலாம் என்பார். நான் பார்க்காத எண் எதையும் எழுதியதில்லை. மாமாவின் களக் குறிப்பேடுகள் பெட்டியில் பூட்டியிருக்கின்றன. அவை இரவல் கொடுப்பதற்கல்ல.

ஆறாம் மாதத்தில் குழிக்குள் இறங்கி ஏறுவது தேவைதானா என்று உன் டாக்டரைக் கேள்.

இப்படிக்கு,
உன் கணவனின் தாய்


மார்ச் 21

அன்புள்ள மருமகளுக்கு,

உன் பதில் கிடைத்தது. ஒரு பக்கம்தான் எழுதியிருக்கிறாய். நன்றி. என் முந்தைய கடிதத்தின் தொனிக்கு நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

"உங்களுக்கு வருத்தமாக இருக்குமென்றால் மாமா வைத்த வகையையே விட்டுவிடுகிறேன், அத்தை. மாதக் கடைசிக்குள் அறிக்கை போக வேண்டும், நானும் இதைப் பெரிதாக்க விரும்பவில்லை" என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. விடக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன். போனில் சொல்ல முடியாது. நான் சொல்லி முடிப்பதற்குள் நீ பரவாயில்லை அத்தை என்றுவிடுவாய். முழுதாகக் கேள்.

எட்டாம் வாய்க்கால் குடியிருப்பில் நாங்கள் இருந்த வீட்டுக்குப் பெரிய முற்றம். மழைமானி அதன் நடுவில், வெட்டவெளியில், ஒரு சிறு குழிக்குள் பதித்திருந்தது. எந்தச் சுவராக இருந்தாலும் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளித்தான் மழைமானி இருக்க வேண்டும் என்பது விதி. மாமா களப்பணிக்குப் போனால் மூன்று வாரம், நான்கு வாரம் வர மாட்டார். அளவு எடுப்பது என் பொறுப்பு. என் மனைவியின் பதிவேட்டில் ஒரு மில்லிமீட்டர் பிசகாது என்று அலுவலகத்தில் சொல்லிக்கொள்வாராம். எனக்கு அது ஒரு பதக்கம் மாதிரி.

இரண்டாம் வருடம் உன் கணவன் பிறந்தான். இப்போது போலவே அப்போதும் அவனுக்குச் சரியாக எட்டரைக்குத்தான் பசிக்கும். இறக்கிவிட்டால் வீறிட்டு அழுவான். இடுப்பில் அவன், ஒரு கையில் குடை, ஒரு கையில் மழைநீரை அளக்கும் கண்ணாடிக் குவளை. அந்த முற்றமும் உன் பாலத்தடி மண்தான். நனைந்தால் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் வழுக்கி விழுந்தேன். அவனுக்கு ஒன்றுமில்லை, என் முழங்கையில்தான் அடி. மறுநாள் மழைமானியைப் பெயர்த்துக் கொண்டுவந்து சமையலறைச் சுவரோரம் வைத்தேன். கதவைத் திறந்து கை நீட்டினால் எட்டும்.

அங்கே மழை அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து சாய்ந்து வரும். சுவர் குடித்தது போக மிச்சம்தான் மானியில் விழுந்தது. இரண்டு வருடம் அங்கேயே இருந்தது. மாமா வரும் தேதியை எழுதினால், முதல் நாளே எடுத்துப்போய் நடு முற்றத்துக் குழியில் வைத்துவிடுவேன். அவர் போனதும் திரும்பச் சுவரோரம். சிஸ்டருக்கு நான் பொய் சொல்லவில்லை, எல்லா எண்ணும் கண்ணால் பார்த்தவை. இடம்தான் பொய். அந்த அளவுகளை வைத்துத்தான் மாமா வறண்ட நாட்களைக் கணக்கிட்டார், அறிக்கை அச்சாகிவிட்டது.

நீ பதிவேட்டைக் கேட்டதும் எனக்கு முதலில் கண்முன் வந்தது அந்தச் சுவர்தான். அதனால்தான் உன்மேல் அவ்வளவு கோபம்.

உன் முதல் கடிதத்துக்குப் பதில் போட்டுவிட்டு நான் பெட்டியைத் திறந்தது உனக்கு உதவ அல்ல. அந்த இரண்டு வருடத்தைத் தள்ளிவிட்டாலும் அவர் முடிவு நிற்கும் என்று உன்னிடம் காட்டுவதற்காக. அவர் இருந்தவரை அந்தக் குறிப்பேடுகளை நான் தொட்டதில்லை. போன பிறகும் தொடவில்லை. எல்லாம் குழி, அடுக்கு, நிறம், கையில் உருட்டினால் எவ்வளவு நீளம் வருகிறது, அமிலம் விட்டால் நுரைக்கிறதா. அறிக்கை அச்சான ஆண்டின் குறிப்பேட்டில், இரண்டு குழிகளுக்கு நடுவே இது இருந்தது. அவர் எழுத்திலேயே தருகிறேன்.

"இடம்: என் வீட்டு முற்றம், சமையலறைச் சுவரிலிருந்து இரண்டடி. சரிவு இல்லை. ஒரு சாண் அகல வட்டத்தில் புல் இல்லை, மண் இறுகியிருக்கிறது. சுற்றிலும் புல் தேய்ந்திருக்கிறது. ஒரே ஆளின் காலடி. மழைமானி இங்கே இருந்திருக்கிறது, இரண்டு மழைக்காலமாவது. காரணம்: நடு முற்றம் வரை ஈரக் களி, கையில் குழந்தை. கேட்க வேண்டாம். கல் போட வேண்டும்."

அந்த விடுமுறையில்தான் அவர் எங்கிருந்தோ தட்டைக் கற்களாகப் பொறுக்கி வந்து, கதவிலிருந்து மழைமானி வரை பதித்தார். பதினொரு கல். நான் எண்ணியிருக்கிறேன், தினமும் மிதித்தவள் ஆயிற்றே. அன்று நான் சும்மா இருக்கவில்லை. முற்றத்தை இடுகாடு மாதிரி ஆக்கிவிட்டதாகச் சண்டை போட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வழுக்குதுல்ல, அதான்" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு மழைமானி நடு முற்றத்தை விட்டு நகரவில்லை. நகர்த்த எனக்குக் காரணமும் இல்லை.

அவருக்குத் தெரியாது என்றே இத்தனை வருடம் இருந்துவிட்டேன். கேட்டிருக்கலாம். ஒரு முறை கத்தியிருக்கலாம். நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, அன்றே தீர்ந்திருக்கும்.

இன்னொன்றும் அதே குறிப்பேட்டுக்குள் மடித்து இருந்தது. வகைப்பாட்டைத் திருத்தக் கோரும் படிவம். பிந்தைய மூன்று வருட அளவுகளை வைத்து மறுபடி கணக்கிட்டிருக்கிறார். பருவத்தில் ஈரம் தங்கும் களிமண் என்று, நீ இன்று சொல்கிற அதே வகையைத்தான் எழுதியிருக்கிறார். கையெழுத்தும் தேதியும் இருக்கின்றன. முந்தைய பிழைக்குக் காரணம் என்ற கட்டம் மட்டும் காலி. பொய் எழுத அவரால் முடியாது, உண்மையை எழுத மனம் வரவில்லை. மாற்றல் வந்தது, படிவம் பெட்டிக்குள் போய்விட்டது.

அவர்மேல் எனக்கு உருக்கமும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. உன் முதல் கடிதத்தில் பாலத்தடி விவசாயி ஒருவர் பேச்சை எழுதியிருந்தாய் அல்லவா? "புஸ்தகத்துல ஒரு போகம்னுதான் போட்டிருக்கு, மேடம். நல்லவேளை, நிலத்துக்குப் படிக்கத் தெரியாது, ரெண்டு போகம் குடுக்குது" என்று. அந்த விவசாயி துணிந்தவர். புத்தகத்தை நம்பி ஒரு போகத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் எத்தனை பேரோ. இந்த வீட்டில் ஒருவர் என் முகத்துக்காக ஒரு மண்ணைத் தவறான வகையில் விட்டுவைத்தது போதும். நீயும் அதைச் செய்யாதே.

பதிவேடு, குறிப்பேடு, படிவம் மூன்றையும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். சுவரோரத்து இரண்டு வருடங்களைச் சிவப்பு மையால் அடைத்திருக்கிறேன், அவற்றைத் தொடாதே. முதல் வருடமும் கடைசி மூன்று வருடமும் சுத்தம். படிவத்தின் காலிக் கட்டத்தை நேற்று நான் நிரப்பினேன்: மழைமானி விதிக்குப் புறம்பாகச் சுவரோரம் வைக்கப்பட்டிருந்தது, வைத்தவர் அளவு எடுத்தவர். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அறிக்கையில் அதை அப்படியே எழுது. மெருகேற்றாதே. பாலத்தடி மண் என்ற பெயரை மட்டும் விட்டுவை, அது அவர் சரியாகச் செய்த காரியம்.

உன் முகாமிலும் மழைமானி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். எங்கே வைத்திருக்கிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை. குழிக்கு ஒரு பக்கம் படி வெட்டச் சொல், பிடித்துக்கொண்டு இறங்கு.

குழந்தை பிறந்த பிறகும் காலை எட்டரை வந்துகொண்டுதான் இருக்கும். உன் கணவன் அந்த நேரத்துக்கு உதவ மாட்டான், அவனுக்குப் பசிக்கும். எனக்கு முழங்கால் வலி உண்டு, வாயும் சும்மா இருக்காது. ஆனால் உட்கார்ந்த இடத்தில் ஒரு குழந்தையை எத்தனை நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்க என்னால் முடியும். வேண்டுமென்றால் ஒரு வரி எழுது. மழைமானி வெட்டவெளியிலேயே இருக்கட்டும்.

நீயும் வயிற்றில் இருப்பதும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அத்தை