குட்டைத் தோட்டா

என் கோபக்காரிக்கு,

டிக்கோயா ஆஸ்பத்திரிக் கஞ்சி உன் சமையலை விட ருசியாமே? நர்சம்மாவிடம் பக்குவம் கேட்டுக்கொண்டு வா.

புதன்கிழமை உன் ஆபரேஷனுக்கு வர லீவு கேட்டேன். "கிளப்பில போட்டி முடியட்டும், அப்பு" என்று தோட்டத்துத் துரை மறுத்துவிட்டார். குறி பார்த்துச் சுடும் போட்டி அது. அதற்கென்றே பாயிண்ட் இருபத்திரண்டு அளவு ரிவால்வர் ஒன்று வாங்கியிருக்கிறார். சமையலோடு அதைத் துடைப்பதும் இப்போது என் வேலை. முந்தாநாள் புதுத் தோட்டாக்களைப் போட்டார், உருளை சுற்றவே இல்லை. துப்பாக்கி பழுது என்று ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தேன். தோட்டாவின் மூக்கு உருளைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"தொரைங்களே, இதும் இருபத்திரண்டுதான், ஆனா நீட்டு. இந்தத் துப்பாக்கிக்கு என் பொஞ்சாதி மாதிரி குட்டைதாங்க பொருந்தும்" என்றேன்.

முறைக்காதே. நுவரெலியாவிலிருந்து குட்டைத் தோட்டா வந்தது. இன்று சுட்டுப் பழகும்போது குறிப்பலகையின் நடுவில் ஐந்து ஓட்டை. துரைக்கு வாயெல்லாம் சிரிப்பு.

"என்ன வேணும், அப்பு?"

"புதன்கிழமை வேணுங்க."

கொடுத்துவிட்டார். முதல் பஸ்ஸில் வருகிறேன். மயக்க மருந்து கொடுக்கும் வரை என் கையைப் பிடித்துக்கொள். உனக்குப் பயமில்லை என்று தெரியும். எனக்காகப் பிடித்துக்கொள்.

உனக்கென்று வாய்த்தவன்