மாமாவிடம் நீ சொல்ல வேண்டியது

ஒடுகத்தூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள பூவிழிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். நீ சௌக்கியம் என்பது நீ எடின்பரோவிலிருந்து போடும் படங்களிலேயே தெரிகிறது, அதனால் விசாரிக்கவில்லை. அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்துக் கட்டுப் பிரித்தாகிவிட்டது, இப்போது சுவரில் உள்ள அழுக்கெல்லாம் தெரிகிறது என்று வெள்ளையடிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. மலையில் சாமை முழங்கால் உயரம் வந்துவிட்டது, களையெடுக்க ஆள் கிடைக்காமல் உன் அத்தை நதியா ஒருத்தியே எடுக்கிறாள். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் நான் மாமா பேச்சை எடுத்தாலே, அம்மா கொஞ்சம் பாசிட்டிவா பேசேன் என்கிறாய், உடனே உனக்கு ஒரு மீட்டிங்கும் வந்துவிடுகிறது. மெயிலில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. கடைசி வரை படி.

உன் மாமா செத்துக்கொண்டிருக்கிறான். என் தம்பி என்பதற்காகக் கூட்டிச் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன். நீ வாங்கிக் கொடுத்த ஓட்டக்கார ஷூவைப் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்துகொண்டிருந்தான். கால் வீங்கி உள்ளே நுழையாததால் ஷூவின் இரண்டு பக்கத்தையும் அரிவாளால் கிழித்துவிட்டிருக்கிறான். பத்து அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குகிறான். கையில் பெரிய தண்ணீர் பாட்டில். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னவனுக்கு இது எதற்கு என்று கேட்டேன். பாப்பாதான் சொல்லிச்சிக்கா, கிட்னியைக் கழுவ தண்ணிதான் மருந்தாம் என்றான். பெருமையாகச் சொன்னான். கழுவிய தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் நுரையீரலில் சேர்கிறது என்பது நான் பாடம் நடத்தும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியும். உனக்குத் தெரியவில்லை.

டயாலிசிஸுக்குப் போன வாரமும் போகவில்லை, அதற்கு முந்தின வாரமும் போகவில்லை. இன்னா அண்ணி பண்றது, வூட்ல நெகட்டிவா ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு சட்டம் போட்டிருக்காரு, பேசினா சோத்தைத் தள்ளிட்டு எழுந்து போறாரு என்கிறாள் நதியா. காலையில் கண்ணை மூடி உட்கார்ந்து தன் சிறுநீரகம் புதுச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஆவதைப் பார்க்கிறானாம். நீ ஞாயிறுதோறும் போனில் கற்றுக்கொடுத்ததுதான். படுத்தால் மூச்சு முட்டுவதால் சுவரில் சாய்ந்தபடியே தூங்குகிறான். வேலூர் டாக்டரிடம் இதைச் சொன்னேன். இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனால் என்னைக் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

ஏப்ரலில் நீ லீவில் வந்து ஓடியதைப் பற்றி எழுதிப் போட்டிருந்ததைப் படித்தேன். மாமாவோடு மலைப்பாதையில் நீண்ட பயிற்சி ஓட்டம், மனசு சொன்னால் கால் கேட்கும் என்று இருந்தது. நடந்ததை நானும் எழுதிவைக்கிறேன். அவன் புளி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மலை இறங்குகிறவன், வாழ்நாளில் ஓடியவன் இல்லை. உனக்கு வழி தெரிந்த ஒரு துணை வேண்டியிருந்தது, அவனுக்கு உன்னிடம் மாட்டேன் என்று சொல்ல வராது. வெயிலுக்குப் பழக வேண்டும் என்று வெயில் ஏறிய பிறகுதான் மலையடிவாரம் அமிர்தியில் கிளம்பினாய். வழியில் நீ கேட்ட ஆட்களெல்லாம் தோ கிட்டதான், வந்துட்டீங்க என்று சொன்னார்களாம், மலைக்காரர்கள் பிறவியிலேயே பாசிட்டிவ் என்று அதையும் எழுதியிருந்தாய். நம் மலையில் நடந்து வருகிறவனிடம் யாரும் தூரம் என்று சொல்வதில்லை, உண்மைதான். ஆனால் அப்படிச் சொல்கிறவர்கள் உடனே உட்கார வைத்துக் கூழ் கொடுப்பார்கள், வெயில் தாழ்ந்த பிறகுதான் அனுப்புவார்கள். நீ வார்த்தையை மட்டும் வாங்கிக்கொண்டு கையாட்டிவிட்டு ஓடினாய், நின்றால் கைக்கடிகாரத்தில் கணக்குக் கெட்டுப்போகும். எனுக்கு ஆவல பாப்பா, நீ போ, நான் மெதுவா வர்றேன் என்று அவன் இரண்டு இடத்தில் சொல்லியிருக்கிறான். அது உடம்பு சொல்றது இல்ல மாமா, மனசு சொல்றது என்று சொல்லி வலி மாத்திரையைக் கொடுத்திருக்கிறாய், இரண்டு தடவையும். மறுநாள் சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனபோது எங்களிடம் சொல்லாமல் உன்னிடம் சொன்னான். நீ நார்மல் என்றாய். விமானம் ஏறிப் போனாய். நீ இறங்கிச் சேர்ந்த செய்தி வந்த அன்று அவன் களத்துமேட்டில் விழுந்தான். அவனுக்கு முன்பே சிறுநீரகத்தில் ஏதோ குறை இருந்திருக்கலாம், வெயிலும் ஓட்டமும் மாத்திரையும் சேர்ந்து முடித்துவிட்டன என்று டாக்டர் சொன்னார். உன்னைத் தேற்ற இதைச் சொல்லவில்லை, அவர் சொன்னதை விட்டுவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

ஞாயிறன்று நான் அவனிடம் எல்லாவற்றையும் நேராகச் சொன்னேன். சிரித்தான். நீ படிச்சிப் படிச்சி எல்லாத்துலயும் ஓட்டையே பாக்கறக்கா, எங்க பாப்பா அப்பிடி இல்ல, அது வாயால இதெல்லாம் வேணாம், மெஷினுக்குப் போன்னு சொல்லட்டும், அப்புறம் போறேன் என்றான். அழுது பார்த்தாள் நதியா, அதுவும் நெகட்டிவாம்.

ஆகவே நீதான் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை மருத்துவமனையில் இடம் கேட்டு வாங்கிவிட்டேன். புதன் இரவே மலைக்குப் போய்விடுவேன். வியாழன் காலையில் முதல் பஸ் வருவதற்கு முன் பஸ் நிறுத்தத்தில், டவர் கிடைக்கும் இடத்தில், அவனைக் கொண்டுவந்து உட்கார வைத்திருப்போம். உனக்கு அது நடு ராத்திரி, எழுந்திரு. மாமா, உன் சிறுநீரகம் திரும்ப வராது என்று சொல். வரும் என்று சொன்னபோது எனக்கு எதுவும் தெரியாது என்று சொல். மெஷினில் படுத்தால் இருப்பாய், படுக்காவிட்டால் செத்துப்போவாய் என்று சொல். மெதுவாகச் சொல்லாதே, மெதுவாகச் சொன்னால் அதில் ஒரு நல்ல செய்தியைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவான். அடுத்த வருஷம் சேர்ந்து ஓடலாமில்ல பாப்பா என்று கட்டாயம் கேட்பான். இல்லை என்று சொல். அதற்குப் பிறகு ஆனால் என்று ஒரு வார்த்தை வரக் கூடாது. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும், அழுகிற ஆளைப் பார்த்தால் கையில் ஒரு மிட்டாய் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடத் தோன்றும். கொடுக்காதே. உலகத்திலேயே உன்னை முழுதாக நம்பியவன் அவன் ஒருவன்தான், நான்கூட இல்லை. அந்த நம்பிக்கையை நீயே உன் வாயால் உடைக்க வேண்டும், வேறு யார் உடைத்தாலும் அவன் ஒட்டவைத்துக்கொள்கிறான்.

என்னுடைய சிறுநீரகத்தைக் கொடுக்கக் கேட்டேன், சர்க்கரை இருப்பதால் எடுக்க மாட்டார்களாம். நதியாவுக்கு ரத்தம் சேரவில்லை. பூவிழியைக் கேட்டால் என்ன அண்ணி என்று அவள் என்னிடம் ஒருமுறை கேட்டாள். அவன் பக்கத்தில்தான் இருந்தான். வேணாம், என்னுது தானா வந்துடும், பாப்பா ஓடற பொண்ணு, அதுகிட்ட போய் இதெல்லாம் கேக்காதீங்க என்றான். நானும் உன்னைக் கேட்கவில்லை. அவன் அப்படிச் சொன்னது உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

செப்டம்பர் ஓட்டப் பந்தயத்துக்கு நீ போவதும் போகாததும் உன் இஷ்டம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ, வெறும் வயிற்றில் மாத்திரை எதுவும் போடாதே. உனக்கு நல்ல உடம்பும் நீண்ட ஆயுளும் இருக்க வேண்டும், அதை மனதாரத்தான் சொல்கிறேன். வியாழன் காலை போன்தான் செய்ய வேண்டும், வாய்ஸ் மெசேஜ் கூடாது, அவன் கேள்வி கேட்பான், நீ பதில் சொல்ல வேண்டும். அவன் பஸ் ஏறிய பிறகு நீ அழுதுகொள். அப்போது என்னைக் கூப்பிடாதே, நான் அவன் பக்கத்து சீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஈஸ்வரி